ஸ்டவுட் கிரேவியில் இறைச்சி உருண்டை: 25 பேர் விருந்துக்கு ஐரிஷ் பாணிச் சமையல்

விருந்துக்குச் செய்யும் இறைச்சி உருண்டை பெரும்பாலும் கெடுவது அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். மாலை ஆறு மணிக்குப் பதமாக இருந்த கிரேவி எட்டு மணிக்குள் கூழாக இறுகிவிடும். நீர் வற்ற வற்ற உப்பு தூக்கலாகும், ஸ்டவுட் பியரின் கசப்பு மேலே வரும், பாத்திரத்தின் அடியில் கிடக்கும் உருண்டைகள் நசுங்கும். ஆகவே இந்தச் செய்முறை அந்தக் காத்திருப்பை மனதில் வைத்தே அமைந்திருக்கிறது. உருண்டையில் ஈரம் கூடுதலாக இருக்கும். கிரேவியைக் கொஞ்சம் நீர்க்கவும், உப்புக் குறைவாகவும் இறக்குவோம். வேலையின் பெரும்பகுதி முந்தின நாளே முடிந்துவிடும்.

ஐரிஷ் பாணி என்பதில் ஒரு விளக்கம் தேவை. அயர்லாந்தின் பழைய வீட்டுச் சமையலில் இறைச்சி உருண்டைக்குப் பெரிய இடம் கிடையாது. அங்கே பேர்பெற்றவை ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெந்த ஐரிஷ் ஸ்டூ, சாசேஜும் பேக்கனும் போட்ட டப்ளின் காடில், பேக்கனும் முட்டைகோஸும் போன்றவை. இந்த உருண்டைக்கு ஐரிஷ் சுவையைத் தருபவை உள்ளே போகும் சோடா ரொட்டியும் பட்டர்மில்க்கும், கிரேவியில் போகும் ஸ்டவுட்டும், தாராளமான வெண்ணெயும், பார்ஸ்லியும் தைமும்தான். மிளகாய், பூண்டு, சீரகம் எதுவும் வேண்டாம். காரம் சேர்த்தால் வறுத்த பார்லியின் மணம் அடியோடு மறைந்துவிடும். மிளகு ஒன்றே போதும், அதைத் தாராளமாகப் போடலாம்.

அளவுகள்

கீழே உள்ள கணக்கு 30 கிராம் எடையில் 100 உருண்டைகளுக்கு. பக்கத்தில் வேறு பதார்த்தங்கள் இருக்கும் விருந்தில் ஆளுக்கு நான்கு போதும். இதுவே முக்கிய உணவு என்றால் ஆளுக்கு ஏழு வேண்டும். அப்போது இதே அளவு 14 பேருக்கு வரும்.

உருண்டைக்கு:
கொத்திய மாட்டிறைச்சி 2 கிலோ (கொழுப்பு 20 சதவீதம்)
சோடா ரொட்டி அல்லது சாதாரண வெள்ளை ரொட்டி, ஓரம் நீக்கி உதிர்த்தது 250 கிராம்
பட்டர்மில்க் 350 மில்லி
வெங்காயம் பொடியாக நறுக்கியது 300 கிராம்
வெண்ணெய் 50 கிராம்
முட்டை 4
பார்ஸ்லி பொடியாக நறுக்கியது 40 கிராம்
தைம் இலை 2 டேபிள்ஸ்பூன் (காய்ந்தது என்றால் 2 டீஸ்பூன்)
தூள் உப்பு 33 கிராம் (ஐந்தரை டீஸ்பூன், தட்டிச் சமப்படுத்தியது)
கரகரப்பாகப் பொடித்த மிளகு 8 கிராம்

கிரேவிக்கு:
வெங்காயம் மெல்லிய நீள்துண்டுகளாக 1 கிலோ
கேரட் துருவியது 150 கிராம்
வெண்ணெய் 200 கிராம் (வதக்க 60, மாவுக்கு 90, கடைசியில் 50)
மைதா 130 கிராம்
ஸ்டவுட் 440 மில்லி கேன் இரண்டு
உப்புக் குறைந்த மாட்டு எலும்பு ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) 1.7 லிட்டர், கூடவே பரிமாறும்போது ஊற்ற அரை லிட்டர்
தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன்
வூஸ்டர் சாஸ் 2 டேபிள்ஸ்பூன்
கடுகு பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன்
பழுப்புச் சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், தேவைப்பட்டால் இன்னும் அரை
தைம் 6 கொத்து, பே லீஃப் 3

பே லீஃப் என்றதும் பிரியாணி இலையைப் போட்டுவிடக் கூடாது. பிரியாணி இலையில் பட்டை மணம் இருக்கும். மூன்று இலை போட்டால் கிரேவி முழுக்க அதுவே வீசும். மத்தியதரைக்கடல் பகுதியின் பே லீஃப் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

இறைச்சியும் ரொட்டியும்

கொழுப்பு 20 சதவீதம் என்பதைத் தளர்த்த வேண்டாம். 5 சதவீதக் கொழுப்புள்ள இறைச்சி உடலுக்கு நல்லது என்று வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் சூட்டில் இருக்கப்போகும் உருண்டைக்கு அது சரிப்படாது. கொழுப்பு இல்லாத தசை சூடேறும்போது சுருங்கித் தன் நீரை வெளியே பிழிந்துவிடும். கடிக்கும்போது மணல்போல உதிரும். கடையில் கொத்தித் தரச் சொல்வதானால் கழுத்துப் பகுதியையும் தோள்பகுதியையும் கேளுங்கள். ஒரு தடவை கொத்தினால் போதும். இரண்டு தடவை கொத்திய இறைச்சி பசையாகிவிடும்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் ஆட்டிறைச்சி முழுப் பொருத்தம். ஐரிஷ் ஸ்டூவே ஆட்டிறைச்சியில் செய்வதுதான். தோள்பகுதியைக் கொத்தி வாங்குங்கள். கிரேவிக்கு ஒரு கேன் ஸ்டவுட் மட்டும் போட்டு, மீதி அளவுக்கு ஆட்டு எலும்பு ஸ்டாக் ஊற்றுங்கள். ஆட்டுக் கொழுப்பின் மணத்தோடு கசப்பும் அதிகமானால் நாக்கில் கனமாக நிற்கும்.

ரொட்டியும் பட்டர்மில்க்கும்தான் உருண்டையை மெதுவாக வைத்திருப்பவை. பாலில் ஊறிய ரொட்டி இறைச்சி நார்களுக்கு நடுவே புகுந்து, வேகும்போது அவை ஒன்றோடொன்று இறுகப் பிணையாமல் தடுக்கிறது, வடியும் சாற்றையும் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த ரொட்டித்தூளை அப்படியே இறைச்சியில் கொட்டினால் நேர்மாறாக நடக்கும். அது இறைச்சியின் ஈரத்தையே உறிஞ்சி, வெந்ததும் கட்டியாகிவிடும். எனவே ரொட்டியை முதலில் தனியாக ஊறவைக்க வேண்டும்.

அயர்லாந்துக் கடைகளில் விற்கும் பட்டர்மில்க் கெட்டியாக, புளிப்பாக இருக்கும். நம் வீட்டு மோர் அதற்கு மிகவும் நீர்த்தது. கிடைக்காத இடத்தில் 250 மில்லி கெட்டித் தயிரையும் 100 மில்லி பாலையும் சேர்த்து அடித்துக்கொண்டால் சரியாக வரும்.

சோடா ரொட்டி வாங்கக் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடலாம், ஈஸ்ட் தேவையில்லை. 450 கிராம் மைதா, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், பட்டர்மில்க் 350 முதல் 400 மில்லி. பிசையாமல் கையால் சேர்த்து வட்டமாக்கி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுக்கூடு போல ஒலிக்க வேண்டும். இந்த ரொட்டி உருண்டைக்குள் போக மீதி இருக்கும். அதைக் கிரேவி தொட்டுச் சாப்பிட வையுங்கள். முந்தின நாள் சுட்டதுதான் உதிர்க்க வசதி.

கலவை

நறுக்கிய 300 கிராம் வெங்காயத்தை 50 கிராம் வெண்ணெயில் மிதமான தீயில் 12 நிமிடம் வதக்குங்கள். கண்ணாடிபோல ஆனால் போதும், சிவக்க வேண்டாம். முழுக்க ஆறவிடுங்கள். பச்சை வெங்காயத்தைக் கலவையில் போட்டால் ஓவனில் அது நீர்விட்டுச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் உள்ளே துளை விழும், வெளியே வெடிப்பு வரும். சூடான வெங்காயத்தைப் போட்டால் இறைச்சியின் கொழுப்பு உருகி, கலவை கையில் ஒட்டி, உருண்டை நிற்காது.

உதிர்த்த ரொட்டியில் பட்டர்மில்க்கை ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு, முள்கரண்டியால் மசித்துக் கூழாக்குங்கள். இதில் முட்டை, ஆறிய வெங்காயம், பார்ஸ்லி, தைம், மிளகு, உப்பு அத்தனையும் சேர்த்து நன்றாகக் கலக்கிவிடுங்கள். எல்லா மசாலாவும் கூழில் முன்கூட்டியே பரவியிருந்தால், இறைச்சியைச் சேர்த்த பிறகு அதிகம் கலக்க வேண்டியிருக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த இறைச்சியை உதிர்த்துப் போட்டு, விரல்களை விரித்துப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். ஒரு நிமிடம், கூடிப்போனால் ஒன்றரை. வெள்ளைத் திட்டுகள் மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உப்புப் பட்ட இறைச்சியை அழுத்திப் பிசைந்தால் அதன் புரதம் கரைந்து பசையாகும். வெந்ததும் சாசேஜ்போல ரப்பராக எகிறும். உருண்டை கடினமாக வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் இந்தப் பிசைதல்தான்.

கோலா உருண்டை பிடித்துப் பழகிய கைக்கு இந்தக் கலவை தளதளவென்று தோன்றும், பொட்டுக்கடலை மாவு ஒரு பிடி போடலாமா என்று கை பரபரக்கும். போட வேண்டாம். மூடி ஃப்ரிட்ஜில் 30 நிமிடம் வைத்தால் ரொட்டி மிச்ச ஈரத்தை இழுத்துக்கொண்டு கலவை தானாக இறுகும்.

அந்த இடைவெளியில் ஒரு ஸ்பூன் கலவையைத் தட்டையாக்கி வாணலியில் சுட்டு ருசி பாருங்கள். 3 கிலோ கலவையின் உப்பைச் சரிசெய்ய இதுதான் ஒரே வாய்ப்பு. தனியாகச் சாப்பிட உப்பு அரை மாற்றுக் குறைவாக இருந்தால் அதுவே சரியான அளவு, மீதியைக் கிரேவி கொடுத்துவிடும்.

உருட்டுவதும் சுடுவதும்

முதல் நான்கைந்தை எடைபோட்டுப் பிடியுங்கள். 30 கிராம் உருண்டை கிட்டத்தட்ட 4 செ.மீ. விட்டம், சின்ன எலுமிச்சம்பழ அளவு. அதற்கப்புறம் கைக்கே அளவு பிடிபட்டுவிடும். அளவு ஒன்றுபோல இருக்க வேண்டியது அழகுக்காக மட்டும் அல்ல. 25 கிராமும் 40 கிராமும் ஒரே தட்டில் இருந்தால், பெரியது வேகும்போது சின்னது காய்ந்துபோகும். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வைத்து, நான்கு உருண்டைக்கு ஒரு முறை உள்ளங்கையை நனைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல், மேல் சமமாகும்வரை மட்டும் உருட்ட வேண்டும்.

நூறு உருண்டையை வாணலியில் பொரிப்பது வீண் உழைப்பு. ஏழெட்டு ஈடு ஆகும், திருப்பும்போது உடையும், முதல் ஈடு எண்ணெய் சுத்தமாகவும் கடைசி ஈடு கரிந்தும் இருக்கும். ஓவனே உத்தமம். ஓரம் உயர்ந்த தட்டில் பேக்கிங் தாள் விரித்து, தட்டுக்கு 25 வீதம் அடுக்குங்கள். நடுவில் 2 செ.மீ. இடைவெளி விடவும். நெருக்கி அடுக்கினால் வெளிவரும் நீராவி சூழ்ந்து, சிவக்காமல் சாம்பல் நிறமாக வெந்துவிடும். ஓவன் 220 டிகிரி (விசிறி ஓடும் ஓவன் என்றால் 200). 14 முதல் 16 நிமிடம். இரண்டு தட்டு ஒரே நேரத்தில் வைத்தால் எட்டாவது நிமிடத்தில் மேல்தட்டைக் கீழும் கீழ்த்தட்டை மேலும் மாற்றுங்கள். நடுவில் குத்திய தெர்மாமீட்டர் 71 டிகிரி காட்ட வேண்டும். கொத்திய இறைச்சிக்கு இந்த வெப்பம் தவிர்க்க முடியாதது. முழுத் துண்டில் மேலே மட்டும் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளே முழுக்கப் பரவியிருக்கும்.

வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு உருண்டையின் அடியைச் சுற்றியும் வெளுத்த பிசிறு ஒன்று பாவாடைபோல ஒட்டியிருக்கும். கசிந்து உறைந்த புரதம் அது. சூடு தணிந்ததும் விரலால் தள்ளினால் வந்துவிடும், விட்டால் கிரேவியில் துணுக்குத் துணுக்காக மிதக்கும். தட்டில் படிந்த பழுப்பைக் கழுவிவிடாதீர்கள். தாளில் தேங்கிய சாற்றை ஒரு கோப்பையில் வழித்து, கொஞ்சம் சூடான ஸ்டாக் விட்டு அலசி எடுத்து, மேலே நிற்கும் கொழுப்பை நீக்கிக் கிரேவியில் ஊற்றுங்கள். உருண்டையைப் பொரிக்காததால் விட்டுப்போகும் வறுத்த ருசி முழுக்க அதில் இருக்கிறது.

கிரேவி: கசப்பை அடக்குவது

ஸ்டவுட்டின் கறுப்பு நிறமும் காப்பி போன்ற கசப்பும் கருக வறுத்த பார்லியிலிருந்து வருபவை. ஸ்டவுட் வகைகளில், டப்ளினில் 1759-இல் தொடங்கிய கின்னஸ் எங்கும் கிடைக்கும். கார்க் நகரத்துப் பீமிஷ் (1792), மர்ஃபிஸ் (1856) இரண்டும் கிடைக்கிற ஊர்களில், கிரேவிக்கு மர்ஃபிஸை எடுப்பது நல்லது, கசப்பு அதில் மட்டு. கின்னஸில் கேனில் வரும் டிராஃப்ட் (மது சுமார் 4.2 சதவீதம்) எடுங்கள். 7.5 சதவீதம் உள்ள ஃபாரின் எக்ஸ்ட்ரா இந்த வேலைக்கு மிகக் கடுமை.

மூன்று விஷயங்கள் கசப்பைக் கட்டுப்படுத்தும். முதலாவது விகிதம். ஸ்டவுட் ஒரு பங்கு என்றால் ஸ்டாக் இரண்டு பங்கு. ஸ்டவுட்டைத் தனியாகச் சுண்டக் காய்ச்சினால் சுவை கூடும் என்று பல செய்முறைகள் சொல்லும். மதுவும் நீரும் போகும், கசப்பு போகாது, பாதியாகச் சுண்டினால் கசப்பு இருமடங்காக நிற்கும். இரண்டாவது வெங்காயம். மெதுவாக வதங்கிய அதன் இனிப்பு கசப்பைச் சமன்செய்யும். மூன்றாவது உப்பு. உப்புக் குறைந்த கிரேவியில் கசப்பு பெரிதாகத் தெரியும். கசக்கிறதே என்று சர்க்கரையைக் கொட்டுவதற்கு முன், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள்.

எட்டு லிட்டர் பிடிக்கும் அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் 60 கிராம் வெண்ணெயை உருக்கி, ஒரு கிலோ வெங்காயத்தையும் துருவிய கேரட்டையும் அரை டீஸ்பூன் உப்போடு போடுங்கள். முதல் 10 நிமிடம் மூடி வைத்து நீர்விட வைக்க வேண்டும். பிறகு திறந்து, மிதத்துக்கும் குறைந்த தீயில் 35 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும். ஒரு கிலோ வெங்காயம் கால் பங்காக ஒடுங்கி, தேன் நிறம் வந்து, கரண்டியில் எடுத்தால் துணிபோல மடிந்து தொங்கும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். கரும்பழுப்பு வரை விட்டால் வெங்காயமே கசக்கத் தொடங்கும், ஸ்டவுட் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த முக்கால் மணி நேரத்தைச் சுருக்க முடியாது. தீயைக் கூட்டினால் ஓரம் கரியும், நடு பச்சையாக இருக்கும்.

தக்காளி பேஸ்டைப் போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, 90 கிராம் வெண்ணெய் சேர்த்து, உருகியதும் மைதாவைத் தூவுங்கள். விடாமல் கிளறியபடி 4 அல்லது 5 நிமிடம். பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் மணம் வரும். இதற்கு மேல் வறுக்க வேண்டாம். மாவு சிவக்கச் சிவக்க அதன் கெட்டிப்படுத்தும் திறன் குறையும்.

ஸ்டவுட்டை முன்னதாகவே ஒரு பெரிய ஜாடியில் ஊற்றி நுரை அடங்க விட்டிருக்க வேண்டும். கேனிலிருந்து நேராகச் சூடான பாத்திரத்தில் கவிழ்த்தால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணையில் மாவு உருண்டு திரளும், பயப்பட வேண்டாம். மர அகப்பையால் அழுத்தித் தேய்த்துக் களியாக்கிவிட்டு அடுத்த தவணையை ஊற்றினால் இளகும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டியதால் கட்டி விழுந்தால், வெங்காயத்தையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டிவிடலாம். வழுவழுப்பான கிரேவி விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள், தவறில்லை.

ஸ்டவுட் ஐந்து நிமிடம் கொதித்ததும் சூடான ஸ்டாக் 1.7 லிட்டர், வூஸ்டர் சாஸ், கடுகு பேஸ்ட், சர்க்கரை, தைம், பே லீஃப், தட்டிலிருந்து வழித்த சாறு எல்லாம் சேருங்கள். கட்டியாக விற்கும் ஸ்டாக்கை (ஸ்டாக் கியூப்) கரைப்பதானால் டப்பாவில் சொன்ன அளவில் பாதி மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் சூட்டில் இருந்தபின் வாயில் வைக்க முடியாது. மூடியைச் சாய்த்து வைத்து, அங்கங்கே குமிழி விடும் அளவுத் தீயில் 30 நிமிடம். இறக்கும்போது கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மெதுவாக மூட வேண்டும். உடனே பரிமாறும் கிரேவிக்கு இது நீர்த்த பதம். விருந்துக்கு இதுதான் சரியான பதம், ஆறி மறுபடி சூடாகும்போது மாவு தன்னால் இறுக்கிக்கொள்ளும். தைம் குச்சிகளையும் இலையையும் எடுத்துவிடுங்கள்.

மது சேராதவர்கள் வரும் விருந்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொதித்தால் மது முழுக்க ஆவியாகிவிடும் என்பது தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி அரை மணி நேரக் கொதிப்புக்குப் பிறகும் சுமார் 35 சதவீதம் தங்கும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவீதம். குழந்தைகளோ மதுவை அறவே தவிர்ப்பவர்களோ இருந்தால் முழு அளவுக்கும் மது நீக்கிய கின்னஸ் 0.0 போடுங்கள். அதிலும் வறுத்த பார்லிச் சுவை இருக்கிறது. லேபிளில் உள்ள சிறு எழுத்தையும் படித்து, அவர்களுக்கு ஏற்றதா என்று கேட்டுவிடுவது மரியாதை. எது போட்டாலும் இந்த உணவில் கோதுமை, பார்லி, பால், முட்டை, கடுகு, வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

முந்தின நாள் இரவு

உருண்டையையும் கிரேவியையும் தனித்தனியாக ஆறவைத்துத் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள். சேர்த்து வைத்தால் ரொட்டி இரவெல்லாம் கிரேவியை இழுத்து, காலையில் உருண்டை ஊதி மெத்தென்றும் கிரேவி வற்றியும் இருக்கும். உருண்டைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். கிரேவிதான் ஆபத்து. இரண்டு லிட்டருக்கு மேல் உள்ளதை ஆழமான பாத்திரத்திலேயே விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும், கிருமி பெருகுவது அந்த வெப்பத்தில்தான். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலத் தட்டுகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய சிங்கில் வைத்துக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும். பிறகு ஃப்ரிட்ஜுக்குள்.

மறுநாள் கிரேவியின் மேல் மஞ்சளாகக் கொழுப்பு உறைந்திருந்தால் பாதியை எடுத்துவிடுங்கள். முழுவதையும் எடுத்தால் ருசியும் போகும். ஒரு நாள் இருந்ததில் ஸ்டவுட்டின் முனைப்பு மழுங்கி, வெங்காய இனிப்போடு கலந்திருக்கும். இந்த உணவை முந்தின நாளே செய்யச் சொல்வதற்கு வசதியைவிட இது பெரிய காரணம்.

விருந்து நாள்

விருந்தினர் வர ஒரு மணி நேரம் முன்பு கிரேவியை மட்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும்போது ருசி பார்த்து, நீர்ப்பதம் குறைந்திருந்தால் ஸ்டாக் ஊற்றி, 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டாக்கிப் போட்டுக் கலக்குங்கள். கசப்பு மென்மையாகும், கிரேவி பளபளக்கும். அப்புறம் உருண்டைகளில் பாதியை மட்டும் போடுங்கள். நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பவை எடை தாங்காமல் உடையும். மெல்லிய கொதியில் 12 முதல் 15 நிமிடம், நடு வெப்பம் 74 டிகிரி. கரண்டி போட்டுக் கிளறாமல், பாத்திரத்தின் இரு காதையும் பிடித்துச் சுழற்றிக் குலுக்குங்கள்.

இனி ஸ்லோ குக்கர், அதாவது மெதுவாகச் சூடாக்கும் மின்பாத்திரம். அதைக் காலியாகவே முன்கூட்டிச் சூடாக்கி, கொதிக்கும் உருண்டையும் கிரேவியும் மாற்றி, 'வார்ம்' நிலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை நேராக ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடாக்குவது பலர் செய்வது, செய்யவே கூடாதது. அது சூடேற மணிக்கணக்காகும், அத்தனை நேரமும் உணவு கிருமிக்கு ஏற்ற வெதுவெதுப்பில் கிடக்கும். பரிமாறும் நேரம் முழுக்க 60 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

மணிக்கு ஒரு தடவை சூடான ஸ்டாக் 100 முதல் 150 மில்லி ஊற்றி, அடி ஓரமாக மர அகப்பையால் ஒரு சுற்று. மேலே ஆடை படிந்தால் கலக்கிவிடாமல் எடுத்துவிடுங்கள், கலக்கினால் இழை இழையாகப் பிரிந்து மிதக்கும். முதல் ஈடு கால் பங்காகும்போது இரண்டாம் பாதியைக் கொஞ்சம் கிரேவியோடு அடுப்பில் சூடாக்கி ஊற்றுங்கள். கடைசியாக வருகிறவருக்கும் முழு உருண்டை கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம், பாதுகாப்பாக இருந்தாலும் உருண்டை துவண்டுவிடும்.

நின்றுகொண்டே சாப்பிடும் விருந்தில் சிறு கிண்ணத்தில் மூன்று நான்கு உருண்டையும் ஒரு கரண்டி கிரேவியும், மேலே நறுக்கிய பார்ஸ்லியும், ஒரு துண்டு சோடா ரொட்டியும். பல்குச்சியில் குத்திக் கொடுத்தால் கிரேவி சட்டையில் சொட்டும். மேசையில் அமர்ந்து சாப்பிட என்றால் கோல்கேனன் செய்யுங்கள். நான்கு கிலோ மாவு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, சூடான பால் 600 மில்லி, வெண்ணெய் 250 கிராம், வேகவைத்துப் பிழிந்த முட்டைகோஸ் அல்லது கேல் கீரை 800 கிராம், நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கட்டு, உப்பு, மிளகு. பாலைச் சூடாக்காமல் ஊற்றினால் மசியல் ஆறிவிடும். மார்ச் 17, புனித பேட்ரிக் நாள் விருந்தென்றால் இந்தப் பச்சை ஓடிய மசியலே போதும். கிரேவிக்கோ ரொட்டிக்கோ பச்சைச் சாயம் கலக்க வேண்டியதில்லை.

மீந்ததில், குக்கரில் நின்ற உருண்டையை அன்றிரவே ஆழமில்லாத பாத்திரத்தில் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் கொதிக்கவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். ஃப்ரீசருக்கு அனுப்ப நல்லது, சுட்டு ஆறவைத்து இன்னும் கிரேவியில் போடாத உருண்டைதான். தட்டில் பரப்பி உறைந்ததும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றினால் மூன்று மாதம் வரை சுவை கெடாது. கிரேவியையும் உறையவைக்கலாம். இளகும்போது நீர் தனியாக, மாவு தனியாகத் திரிந்ததுபோலத் தெரியும். கொதிக்கவைத்தபடி கம்பி அடிப்பானால் (விஸ்க்) ஒரு நிமிடம் அடித்தால் பழையபடி சேர்ந்துகொள்ளும்.